ஐந்து நட்சத்திரச் சாலை

நல்ல ரோட்டைக் கண்டால் எனக்கு ஆகாது. முப்பத்தேழாம் நாள் காலை பத்து மணிக்கு, வள்ளியூரைத் தாண்டி நான் கண்டது அப்படிப்பட்ட ஒரு ரோடு. போன வாரம்வரை ஆளை விழுங்கும் பள்ளங்களோடு கிடந்ததை யாரோ தார் ஊற்றி, இழைத்து, வெள்ளைக்கோடும் போட்டு வைத்திருந்தார்கள். மற்ற வண்டிக்காரர்கள் எல்லாம் மறுவீடு விருந்துக்குப் போகிறவர்கள்போல முகம் மலர்ந்து பறந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஹெல்மெட்டுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

என்னுடையது நெடுந்தூரம் போகிறவர்களுக்கென்று செய்த பெரிய டூரிங் பைக். அதன் பின்னால், கொக்கியில் மாட்டிய சின்ன டிரெய்லர். இரண்டு சக்கரம், நாலடி நீளம். நாங்கள் அதைப் பின்வண்டி என்போம். அன்றைக்கு அதற்குள் ஒரு ஈரல் வளர்ந்துகொண்டிருந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்த துளி, முப்பத்தேழு நாளில் உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது. பிள்ளையின் பெயரைச் சொல்லமாட்டார்கள். மூடியில் ஒட்டிய சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: பெண், வயது ஏழு, வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அன்று திங்கள்.

வளர்கிற ஈரல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் சும்மா நின்றால் வாடிவிடும். சீரான அசைவும் உதவாது. குண்டும் குழியும் வேண்டும். அது எப்படி இருக்கிறது என்று காட்ட ஹேண்டிலிலும் பின்வண்டி மூடியிலும் ஓர் எண் இருக்கும், மணிக்கு ஒரு தடவை மாறும். ஈரல் வளர்த்துக் கொடுக்கும் எங்கள் கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தது. நாங்கள் தெம்பு என்போம். அறுபதுக்கு மேல் இருந்தால் நிம்மதி. நாற்பதுக்குக் கீழே போனால் கதை முடிந்தது, திரும்ப ஒரு நாற்பது நாள் காத்திருக்க அந்தப் பிள்ளைக்கு உடம்பில் சக்தி கிடையாது. பத்து மணிக்குத் தெம்பு அறுபத்துமூன்றிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறங்கியது.

இந்த வேலையில் நானும் என் வீட்டுக்காரர் கோயில்பிள்ளையும் ஒன்பது வருஷம் இருந்தோம். ஒரே பைக், ஒரே பின்வண்டி, ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அதில் பாதி, வண்டியைக் கை மாற்றும் பத்துப் பத்து நிமிடங்களாகவே போய்விட்டது. ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் பின்வண்டியை ஆட்டிக்கொண்டு நிற்போம், சண்டைகூட ஆட்டிக்கொண்டேதான் போடுவோம். ஓய்வு நாளில் வீட்டில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். ஞாயிறு ஆராதனையில் பெஞ்சே ஆடுகிறதென்று முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஹெல்மெட் போனில் அவரைக் கூப்பிட்டேன். வள்ளியூரில் லாட்ஜில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, நான் மாவிலங்குவிளை ரோட்டுக்குத் திரும்புவதாகச் சொன்னேன். அங்கே சிக்னல் கிடையாதே என்றார். குழி இருக்கிறதே என்றேன். எங்கள் தொழிலில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

மாவிலங்குவிளை ரோடு என் கண்டுபிடிப்பு. பத்தொன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு முழம் சமதளம் இருக்காது. இருபக்கமும் உடைமரம், நடுவில் ஜல்லி தெரியும் பழைய தார், அதற்கும் நடுவில் மழைக்காலம் தோண்டிவிட்டுப்போன பள்ளங்கள். ஒவ்வொரு குழியும் எனக்கு மூன்று தடவை குழி: முன்சக்கரம் விழும், பின்சக்கரம் விழும், மூன்றாவதாகப் பின்வண்டி விழும்போது முதுகெலும்பு வழியாக அந்த அடி கழுத்துக்கு ஏறும். அந்த மூன்றாவது அடிக்குத்தான் சம்பளம். மூன்று வருஷத்துக்கு முன் வழிதவறி இதில் வந்தபோது தெம்பு எழுபத்தெட்டுக்குப் போனது. அதுதான் நான் கண்ட உச்சம். அன்றைக்கே கம்பெனிப் பதிவேட்டில் இந்த ரோட்டுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

ஆறு கிலோமீட்டர் போயிருப்பேன். ஓடைப்பாலத்தை ஒட்டி ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரத் தடி கிடந்தது. அதன் பின்னால் சாமியானாப் பந்தல், பந்தலுக்குள் அறுபது எழுபது பேர், பெரும்பாலும் பெண்கள். அட்டையில் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரோடு கேட்டு ரோட்டை மறித்திருந்தார்கள்.

பின்வண்டி மாட்டிய பைக்கைப் பின்னால் தள்ள முடியாது. தள்ளினால் மடக்குக்கத்திபோல மடங்கிக்கொள்ளும். கழற்றித்தான் திருப்ப வேண்டும். நான் கொக்கியைக் கழற்றுவதற்குள் முருங்கைக்காய்க் கட்டு ஏற்றிய ஒரு மினி லாரி பின்னால் வந்து நின்றுவிட்டது, அதன் பின்னால் இன்னொன்று. பக்கவாட்டில் ஓடைச் சரிவு. வேறு வழியில்லாமல் பின்வண்டியை இழுக்கிற தண்டான ஏர்க்காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டத் தொடங்கினேன். அது வழக்கம்தான், டீ குடிக்கிற நேரத்துக்கு எல்லாரும் செய்வதுதான்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பந்தலிலிருந்து எழுந்து வந்தாள். தோளில் துண்டு, கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட தாள்கள். அவள்தான் இந்தக் கூட்டத்துக்குத் தலைவி என்பது மற்றவர்கள் வழி விட்டதிலேயே தெரிந்தது. பெயர் சுயம்புக்கனி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"என்னத்த உள்ள வச்சு ஆட்டுத?"

"ஈரல் இருக்குக்கா. ஒரு பிள்ளைக்கு. நின்னா வாடிரும்."

"ஆட்டுததுக்கு ஒரு மிஷின் கெடையாதாக்கும்?"

"ஆட்டிப் பாத்தாங்க. மிஷின் ஒரே மாதிரி ஆட்டும், ஈரல் அதுக்குப் பழகித் தூங்கிரும். மாத்தி மாத்தி ஆட்டுத மிஷினும் செஞ்சாங்க. ஆறே நாள்ல ஈரல் அதோட சூட்சுமத்தையும் கண்டுபிடிச்சிட்டுது. அடுத்த அடி எங்கருந்து வரும்னு தெரியாம இருந்தாத்தான் அது முழிச்சிருந்து வளருது. அதுக்குக் குழி ரோடுதான் லாயக்கு."

இதை நான் எத்தனையோ டீக்கடையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள், ஒருவர் இருவர் தாங்களும் கொஞ்சம் ஆட்டிப் பார்ப்பார்கள். சுயம்புக்கனி ஆச்சரியப்படவில்லை. "அப்ப நீங்கதானா" என்று மட்டும் சொன்னாள்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை உருவி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மனு மேல் மனுப் போட்டு ஒன்றரை வருஷம் அலைந்து வாங்கிய நகல் அது. மாவிலங்குவிளைச் சாலையைப் பழுதுபார்ப்பதைக் கம்பெனியின் வேண்டுகோளின்படி பத்து வருஷத்துக்குத் தள்ளி வைப்பதாகவும், அதற்கு ஈடாகக் கம்பெனி ஊருக்கு ஒரு சமுதாயக்கூடம் கட்டித் தருவதாகவும் அதில் இருந்தது. கூடத்தைக் கட்டிவிட்டார்கள். குளிர்சாதன வசதியோடு கல்யாண மண்டபம் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரத்தான் ரோடு இல்லை என்று பின்னால் இருந்த ஒருத்தி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

தாளின் கடைசியில் இந்த ரோட்டைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் என்று ஒரு பத்தி இருந்தது. "தங்கமான ரோடு. இதில் ஒரு குழியைக்கூட மூடிவிடக் கூடாது. ஐந்து நட்சத்திரம். ஓட்டுநர் லில்லிபுஷ்பம்."

என் எழுத்து. எழுதிய அன்று எவ்வளவு சந்தோஷமாக எழுதினேன் என்பதுகூட நினைவுக்கு வந்தது. அதை யார் படிப்பார்கள், படித்து என்ன செய்வார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. ரோட்டுக்கு நட்சத்திரம் போடுவது எங்களுக்குப் பழக்கம், சாப்பாட்டுக் கடைக்குப் போடுவதுபோல. என் சட்டைப் பையின்மேல் பெயர் தைத்திருந்தது. அவள் கண் அங்கே வருவதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"இது நான் எழுதினதுக்கா."

அவள் தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். பதற்றமே இல்லாமல் செய்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக முருங்க பறிக்க ஏணி வச்சு ஏறி விழுந்தாவ. முதுகுல அடி. ஆம்புலன்சு வந்துச்சு, இந்த ரோட்டுலதான் கொண்டு போனோம். ஒண்ணேகால் மணி நேரம். எலும்பு முறிஞ்சது ஏணியில. கால் ரெண்டும் போனது ஒன் தங்கமான ரோட்டுல. அலுங்காம கொண்டாந்திருந்தா நடந்திருப்பாருன்னு டாக்டரே சொன்னாரு."

எனக்கு அப்படியே ஓடைக்குள் இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது. கை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தது.

மினி லாரிக்காரர் தடியைக் கொஞ்சம் நகர்த்தி இந்த ஒரு வண்டியை மட்டும் விடலாமே என்றார். பந்தலில் சிலர் சரி என்றார்கள், சிலர் கூடாது என்றார்கள். எல்லாரும் சுயம்புக்கனியைப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு அதிகாரி வருவதாகச் சொல்லியிருக்கிறார், கையெழுத்து வாங்காமல் மரம் நகராது, இதற்காக நகர்த்தினால் அடுத்தது இன்னொன்று வரும் என்று அவள் சொல்லிவிட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"ஆட்டு. குழி வேணும்னு கேட்டது நீதான. கை ஓயுத மட்டும் ஆட்டு."

ஆட்டினேன். பதினொரு மணிக்குத் தெம்பு ஐம்பத்திரண்டு. இருபது நிமிடத்துக்குக் கை ஆட்டுவது வேறு, மணிக்கணக்கில் ஆட்டுவது வேறு. தோள் எரிந்தது, பிறகு மரத்தது. களைத்த கை மிஷின்போல ஆகிவிடும், ஒரே தூரம், ஒரே வேகம். அது தெரிந்தும் என்னால் மாற்றி ஆட்ட முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு எண் நாற்பத்துநாலுக்கு இறங்கியபோது நான் அழுதுவிட்டேன். அந்தப் பிள்ளைக்காக அழுதேனா எனக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

"எத்தன வயசுன்ன?"

சுயம்புக்கனி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"ஏழு."

"தள்ளு."

அவள் ஏர்க்காலைப் பிடித்த விதமே வேறாக இருந்தது. நான் ஆட்டினேன் என்றால் அவள் அதனோடு பேசினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வெட்டு இழுப்பாள், சற்று நிறுத்துவாள், தடவிக்கொடுப்பதுபோல நாலு தரம் அசைப்பாள், எதிர்பாராத நேரத்தில் ஒரு குலுக்கு. அசையாத ஓர் உடம்பை இரண்டு வருஷமாக நாளைக்கு ஆறு தடவை புரட்டிப் போட்ட கை அது. முக்கால் மணி நேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலைப் பார்த்து, ஏட்டி, வாங்களேன் என்றாள்.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள் சோற்றுப் பானையைக் கிண்டுகிற மாதிரி ஆட்டினாள். ஒரு டெய்லர் பெண் காலால் ஆட்டினாள். மினி லாரிக்காரர் பாட்டுப் போட்டு அதன் தாளத்துக்கு ஆட்டப் போக, தாளம் கூடாது என்று நான் கத்தினேன். நடுநடுவே சுயம்புக்கனி வந்து வாங்கிக்கொள்வாள். ஒரு மணிக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு மணிக்கு எழுபத்துநாலு. மூன்று மணிக்கு எண்பத்தாறு வந்ததும் நான் மூடியைத் தட்டிப் பார்த்தேன். நாலு மணிக்குத் தொண்ணூற்றொன்று.

அதிகாரி நாலரைக்கு வந்தார். போன வருஷம் சொன்னதையே சொல்லி, இந்தத் தடவை கையெழுத்தும் போட்டார். ஆறு மாதம் என்றார். அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் தடியை நகர்த்தினார்கள். நான் கொக்கியை மாட்டிவிட்டு நன்றி சொல்ல நின்றேன். வியாழக்கிழமை பத்திரமாகக் கொண்டு சேர்த்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுயம்புக்கனி பந்தல் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டாள்.

வள்ளியூர் எல்லையில் சிக்னல் வந்ததும் திரையில் கம்பெனியின் கேள்வி வந்து விழுந்தது. வாகனம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றுள்ளது. அளவு தொண்ணூற்றொன்று காட்டுகிறது. கருவிப் பிழையா? ஆம், இல்லை. இல்லை என்றால் காரணம் எழுதவும்.

வண்டியைக் கை மாற்றும் இடத்தில் கோயில்பிள்ளை புரோட்டாப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். நான் நடந்ததைச் சொல்ல, பின்வண்டியை ஆட்டிக்கொண்டே கேட்டார். சாதாரணமாக அவர் நிதானமான மனுஷர். அன்றைக்கு அவர் ஆட்டிய ஆட்டில் கொக்கி சத்தம் போட்டது.

"ஆம்னு தட்டு. தட்டிட்டு ஒரு வாய் சாப்பிடு."

"பிழை இல்லையே. நாலு தடவ பாத்தேன்."

"கையே போதும்னு கம்பெனிக்காரன் கண்டுக்கிட்டான்னா அப்புறம் பைக் எதுக்கு? நாம எதுக்கு? முந்நூறு பேர் இருக்கோம் லில்லி. இத விட்டா நமக்கு என்ன தெரியும்?"

"குழி வேண்டாம்னு ஆயிட்டா ரோட்டப் போட்டுருவாங்கள்லா."

"நீ எழுதினதுனாலதான இவ்வளவும். மறுபடியும் எழுதப் போறியா?"

அந்தக் கேள்வி குத்தியது. ஆனால் தொண்ணூற்றொன்று என்கிற எண் கண்ணிலேயே நின்றது. இல்லை என்பதைத் தட்டினேன். காரணம் எழுதும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: சாலை அல்ல, மனிதக் கை, பல பேருடைய கை, மாவிலங்குவிளைப் பெண்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். உதவி செய்தவளின் பெயராவது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று, அதிலும் சுயம்புக்கனி என்பவரின் கையைப்போல் நான் பார்த்ததே இல்லை என்று சேர்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். கோயில்பிள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வியாழக்கிழமை ஒப்படைத்தோம். ஈரல் பொருந்தாமல் போனால் ஓட்டுநரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை, அதையே நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம்.

அவர் சொன்னதுபோலவே ஆயிற்று. மூன்று மாதத்தில் முந்நூறு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊர் ஊராகப் போட்டிருந்த ரோடு ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்து. கேட்டவர்களுக்குப் பின்வண்டியைக் கொடுத்துவிட்டார்கள்; நாங்கள் எங்களுடையதை வைத்துக்கொண்டோம். கோயில்பிள்ளை பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். எனக்குத்தான் வீடு கொள்ளவில்லை. ஒரு கூடையைக் கீழே வைப்பேன், உடனே எடுத்து வேறிடத்தில் வைப்பேன். கட்டிலில் படுத்தால் உடம்பு குழியைத் தேடும். வேலை போனதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்காவது ஏதாவது பேசியிருப்பேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில், மாவிலங்குவிளையில் ரோடு போட்டுவிட்டார்களாம், போய்ப் பார்ப்போமா என்றார். முருங்கைக்காய் வாங்கி வரலாம் என்று பின்வண்டியையும் மாட்டினார். வெறும் பின்வண்டி சின்னக் கல் பட்டாலும் துள்ளும். அந்தப் பத்தொன்பது கிலோமீட்டரில் அது ஒரு தடவைகூடத் துள்ளவில்லை. நல்ல ரோட்டில் ஒரு வார்த்தை திட்டாமல் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சுயம்புக்கனி எங்கே என்று கேட்டதற்குச் சமுதாயக்கூடத்தைக் காட்டினார்கள். மண்டபம் நிறையக் கம்பெனியின் பின்வண்டிகள். சக்கரம் கழற்றி, தண்டவாளம்போல இரண்டு கம்பிமேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். நாற்பது இருக்கும். ஒவ்வொன்றின் ஏர்க்காலையும் பிடித்தபடி ஒரு பெண். அவள் ஜன்னல் ஓரத்தில் இருந்தாள். தலைக்கு மேல் ஒரு பலகையில் அவள் பெயரும் ஐந்து நட்சத்திரமும் இருந்தன.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். கை நிற்கவில்லை.

"ரோட்டப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. நல்லாருக்கு."

"அப்படித்தான் சொல்லுதாவ. நான் இன்னும் அதுல போகல."

அவள் வீட்டுக்காரர் அய்யாக்குட்டிக்கு விழுந்த நாளிலிருந்து ஒரே ஆசை, உவரியில் போய்க் கடலைப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ரோடு இல்லை என்று சமாதானம் சொல்லுவாளாம். இப்போது ரோடு இருக்கிறது, அலுங்காமல் கொண்டுபோகலாம், இவளுக்கு நகர முடியவில்லை. மற்றவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு. தேறாது என்று நினைக்கிற ஈரலையெல்லாம் அவளிடம் அனுப்புகிறார்கள். அவள் ஒரு நாள் வராவிட்டால் தெம்பு இறங்கிவிடும். நீ போனால் ஒரு பிள்ளை போய்விடும் என்று சொல்லும்போது எப்படி எழுந்து போவது என்று கேட்டாள்.

"எனக்கு அஞ்சு நட்சத்திரமாம். தொடக்கத்துலயே யாரோ என் பேரச் சொல்லி எழுதிக் குடுத்துருக்காவ. யாருன்னு தெரியல."

மண்டபத்தில் குளிர்காற்று ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வியர்த்தது. அவள் தாளை மடித்து வைத்த அந்த நாளில் நின்றதுபோலவே நின்றேன்.

"அதுவும் நான்தான்க்கா."

சுயம்புக்கனி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நல்லதா நாலு வார்த்த எழுதாம ஒன்னால இருக்கவே முடியாதா?"

நான் அவள் கையிலிருந்த ஏர்க்காலைப் பிடித்தேன். தள்ளுங்கக்கா, அண்ணாச்சியக் கூட்டிட்டுக் கடலப் பாத்துட்டு வாங்க என்றேன். மேற்பார்வை பார்க்கும் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், ஜெனிட்டா என்று பெயர், ஓடி வந்து விதிமுறை பேசினாள். ஐம்பதுக்குக் கீழே போனால் சுயம்புக்கனியைக் கூப்பிட்டு வர வண்டியோடு ஆளை அனுப்பு, அரை மணியில் வந்துவிடுவாள், அதற்குத்தானே ரோடு என்றேன். ஒன்பது வருஷம் இதே வேலை பார்த்தவள் என்றதும் அவள் அரைமனதாக ஒத்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில்பிள்ளை பின்வண்டியின் மூடியைக் கழற்றிவிட்டு மெத்தையும் தலையணையும் போட்டார். நாலு பேர் அய்யாக்குட்டியைத் தூக்கி வந்து உட்காரவைத்தார்கள். பழைய வேட்டியை வைத்து இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். "பாரம் முன்பக்கம் இருக்கணும் அண்ணாச்சி. பின்னால சாஞ்சிராதீங்க, வால் ஆடும்" என்று கோயில்பிள்ளை சொல்வது கேட்டது. சுயம்புக்கனி பைக்கில் பின்னால் திரும்பி, புருஷன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஆள் நடக்கிற வேகத்தில் கிளம்பிப் போனார்கள்.

நான் ஆட்டத் தொடங்கினேன். முதல் மணி நேரம் எண் ஐம்பத்துமூன்றுக்கு இறங்கியது, ஜெனிட்டா நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். எனக்கு அவளைப்போல் அதனோடு பேசத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ரோடு. கண்ணை மூடிக்கொண்டு அதில் ஏறினேன். ரோடு பிரியும் விலக்கிலிருந்து நூறடியில் முதல் பள்ளம், இடது பக்கம் ஒதுங்கினால் ஜல்லி. உடைமர வளைவில் அடுத்தடுத்து மூன்று. ஓடைப்பாலத்துக்கு முன்னால் ஆளைத் தூக்கிப்போடும் அந்த மேடு. தார் போட்டு மூடிய பத்தொன்பது கிலோமீட்டரும் என் மணிக்கட்டில் ஒரு குழி குறையாமல் இருந்தது. போய்த் திரும்பினேன், திரும்பவும் போனேன்.

ஜெனிட்டா மூச்சு வாங்க ஓடி வந்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன், நாற்காலிக்குக் கீழே என் கால் ஆடாமல் இருந்தது.

"அக்கா, தொண்ணூத்தி நாலு. இங்க இதுவரைக்கும் யாருக்கும் வந்ததே இல்ல. உங்க பேரச் சொல்லுங்க, ஏத்திக்கிடுதேன்."

வாசலில் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. அய்யாக்குட்டியின் பாதத்தில் ஈரமணல் ஒட்டியிருந்தது. சுயம்புக்கனியின் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. அவள் இறங்கி, உள்ளே வராமல், தான் வந்த ரோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கருவிப் பிழைன்னு போட்டுக்கோ" என்றேன்.